பவுடர் போடாமல் வைத்த பச்சைப் பொட்டு

போன மாதம் வண்டன்மேட்டிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் ஏலக்காய்த் தோட்டக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பழைய கார் எஞ்சின் ஒன்றை வாங்கி, கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் விசிறியை மாட்டி, ஒருவர் உட்கார்ந்து பறக்கிற மாதிரி ஒரு குட்டி விமானத்தைத் தன் ஷெட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறாராம். எஞ்சினுக்குள் இருக்கும் கிராங்கை மட்டும் கழற்றி எனக்கு அனுப்பி வைக்கிறேன் என்றார்.

"நீங்க ஒருக்கா தட்டிப் பாத்துச் சொல்லிட்டாப் போதும்ணே. நான் கண்ண மூடிட்டு ஏறிருவேன்."

என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"கோபாலபுரம் துரைசாமி அண்ணாச்சிதான் குடுத்தாரு. அவரு கிராங்க் உடைஞ்சது அவரு தப்பாம். உங்க காது மேல ஒரு குத்தமும் இல்லன்னு நாலு தடவ சொல்லிட்டாருண்ணே."

இதை நான் கேட்டதே காதுக்குள் மாட்டியிருக்கும் மிஷினின் தயவில்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. அனுப்புங்கள், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அதே வாரத்தில் எங்கள் எஞ்சின் வேலைக் கடைக்காரர் சங்கத்தின் செயலாளர் வந்தார். ஆண்டு மலர் போடுகிறார்களாம். "அந்த ஏரோப்பிளேன் கிராங்க் கதைய எழுதுங்கண்ணா. சிரிக்கற மாதிரி எழுதுங்க" என்றார். எழுதியிருக்கிறேன். சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்து.

மலரைக் கடைக்காரர்களின் வீட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி விளக்கம். பிஸ்டன் மேலும் கீழும் போய் வருவதை வட்டமாகச் சுற்ற வைக்கிற கோணல்மாணலான தண்டுதான் கிராங்க். அது தேய்ந்தால் கல்லில் கொடுத்து உருண்டையாகச் சாணை பிடிக்க வேண்டும். நான் வாளையார் ரோட்டில் ஒரு பட்டறையில் முப்பத்தாறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். அடுத்த இரண்டு வருஷம் லேத்தில் நின்றேன். பிறகு கிராங்க் கல்லுக்கு வந்தவன், ஐம்பத்தைந்து வயதில் வெளியே வரும்வரை அதைவிட்டு நகரவில்லை. பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

எங்கள் ஃபோர்மேன் ராமநாதன் சார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். வேட்டி கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார், உள்ளே போய்க் காக்கி பேண்ட் மாட்டிக்கொண்டு வருவார். சாணை பிடித்து முடித்த கிராங்கை வெறும் விரலால் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. திட்ட மாட்டார். தொட்ட இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு நம் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார். திட்டியிருந்தால் தேவலை என்று ஆகிவிடும்.

அவர் எங்கள் உயிரை எடுத்தது மூலைக்காக. கிராங்கில் உருண்டையான பகுதி பக்கச் சுவரோடு சேருகிற இடத்தில் ஒரு சின்ன வளைவு இருக்க வேண்டும். ரேடியஸ் என்போம். கல்லின் முனையை வைரத்தால் சீவி அந்த வளைவைக் கொண்டுவர வேண்டும். சோம்பல்பட்டுக் கூர்மூலையாக விட்டால், துணிக்கடைக்காரர் ஓரத்தில் கத்திரியால் ஒரு வெட்டு வைத்துவிட்டு டர்ரென்று கிழிப்பார் இல்லையா, அந்த மாதிரி அங்கிருந்து கிழியும். ராமநாதன் சார் வளைவுத் தகடை மூலையில் வைத்து, பின்னால் டார்ச் அடித்து, நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார். கசிந்தால் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

கல்லில் ஏற்றுவதற்கு முன்னால் விரிசல் பார்க்க வேண்டும். இதற்கு எங்கள் பட்டறையில் இரண்டு படி. முதல் படி காது. கிராங்கை உத்தரத்துக் கொக்கியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். நல்ல கிராங்க் என்றால் 'ணங்ங்' என்று நீளமாக இழுக்கும். விரிசல் இருந்தால் 'ணக்' என்று உள்ளேயே செத்துவிடும். இரண்டாவது படி பவுடர். கிராங்கைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, கரண்டு பாய்ச்சிக் காந்தமாக்கி, இரும்புப் பவுடர் கலந்த எண்ணெயை ஊற்றி, கறுப்புத் துணிக்குள்ளே நீல லைட்டில் ஒவ்வொரு மூலையாகப் பார்க்க வேண்டும். தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் பவுடர் அங்கே போய்க் குந்திக்கொண்டு பச்சைக் கோடாக மின்னும். பார்த்து முடித்து, காந்தத்தை இறக்கி, மறுபடி கழுவி, ஓரத்தில் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்போம். பச்சைப் பொட்டு வைத்த கிராங்க் என்றால் கோயமுத்தூர் வரைக்கும் மறுகேள்வி கிடையாது. ஒரு கிராங்குக்குப் பாதி நாள் போய்விடும்.

இரண்டும் எதற்கு என்று ஆரம்பத்தில் நான் கேட்டிருக்கிறேன்.

"காது இது ஆகாதுன்னு சொல்லலாம். ஆகும்னு சொல்லப்படாது, கேட்டியோ" என்றார் சார். "பெரிய விரிசல்னா சத்தத்துல தெரியும். சின்னது சத்தமே போடாது. ஆகும்னு சொல்றது பவுடர் ஆக்கும்."

கேட்டேன். அப்போது எனக்குக் காது நன்றாகவே கேட்டது.

என் பேர் எப்படி வந்தது என்றால், ஒருநாள் சிமெண்ட் லாரி ஒன்றின் கிராங்கைத் தட்டிவிட்டு, இது ஆகாது என்றேன். கூட வேலை பார்த்த மற்ற இரண்டு பேருக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. சார் பவுடர் போட்டுப் பார்த்தார், மூன்றாவது மூலையில் கோடு மின்னியது. லாரி டிரைவர் செக்போஸ்ட் டீக்கடையில் போய்ச் சொல்ல, அன்றிலிருந்து நான் 'பாம்புக்காது பழனிச்சாமி'. பாம்புக்குக் காதே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கல் ஓடுகிற சத்தம், காற்று கம்ப்ரஸர், வாசலில் இரவுபகலாக லாரி. நாற்பத்தைந்தைத் தாண்டியபோது எங்கள் ஊரில் சில்வண்டே இல்லாமல் போய்விட்டது. தென்னந்தோப்புக்காரர்கள் மருந்தடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் என் மனைவி, "இந்தச் சில்வண்டுக கத்தற கத்துல டிவி கூடக் கேக்க மாட்டேங்குது" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, செத்தது வண்டு இல்லை என்று.

யாரிடமும் சொல்லவில்லை. பாம்புக்காதுக்காரன் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? யாராவது என்னவோ கேட்டால் ஒரு ஜோக் அடித்துவிடுவேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், திரும்பக் கேட்க மாட்டார்கள். பட்டறையில் என்னைக் கோமாளி என்பார்கள். பாதிக் கோமாளித்தனம் செவிட்டுத்தனம்தான். எப்படியும் எல்லா கிராங்குக்கும் பின்னால் பவுடர் போடுகிறோம், ஒன்றும் கெட்டுப்போகாது என்று தைரியமாக இருந்தேன். சுத்தியால் தட்டிவிட்டுத் தலையை ஆட்டினால் போதும்.

இனி துரைசாமி. கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்பு. என்னைவிட மூன்று வயது மூத்தவர். உக்கடம் பழைய சாமான் கடையில் கார் எஞ்சின் வாங்கி, அலுமினியக் குழாயும் துணியுமாக ஒரு விமானம் கட்டினார். தோப்பை ஒட்டிய நீளமான தரிசில் ஓட்டிப் பார்ப்பார். தென்னை மட்டத்துக்கு எழும்பி நேராக இறங்கிவிடுவார். அதற்கே ஊர் கூடி நிற்கும்.

முதன்முதலில் கிராங்கைக் கொண்டு வந்தபோது சார் ஒரு நாள் முழுக்க யோசித்தார். காரில் கிராங்குக்கு ஒரே வேலை, சுற்றுவது. மலை ஏறும்போது கொஞ்ச நேரம் முழு மூச்சாக உழைக்கும், மற்ற நேரம் உலாத்தும். விமானத்திலோ ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் முக்கால் மூச்சில் ஓட வேண்டும். அதோடு விசிறியை நேராகக் கிராங்கின் கடைசியில் மாட்டினால், அது முன்னால் இழுக்கும், மூக்கு திரும்பும்போது கிராங்கையே வளைக்கப் பார்க்கும். எல்லாப் பாரமும் கடைசி மூலையில்தான். கார் கட்டினவன் அதையெல்லாம் நினைத்துக் கட்டியிருக்க மாட்டான். வார்ப்புக் கிராங்க் வேண்டாம், அடித்துச் செய்த எஃகுக் கிராங்க் தேடிக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார். துரைசாமி ஒரு மாதம் தேடி வாங்கி வந்தார். கடைசி மூலை ரேடியஸை சார் தானே நின்று பிடிக்க வைத்தார். பவுடரும் அவரே போட்டார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார். விசிறி எதிலாவது லேசாகத் தட்டினாலும் சரி, எஞ்சினைத் திறந்து கிராங்கை இங்கே கொண்டு வந்துவிட வேண்டும்.

துரைசாமி சொன்னபடி செய்கிறவர். இரண்டு வருஷம் ஓட்டினார். ஒரு ஐப்பசியில் இறங்கும்போது சக்கரம் பொந்தில் மாட்டி, மூக்கு குனிந்து, விசிறி வரப்பில் அடித்து நின்றுவிட்டது. மறுநாளே எஞ்சினை இறக்கி, கிராங்கைச் சாக்கில் சுற்றி, இரண்டு சிநேகிதர்களோடு பட்டறைக்கு வந்தார். அப்போது கல்பாத்தித் தேர். சார் மூன்று நாள் லீவு. தேர் முடிந்து இரண்டு வாரத்தில் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று ஆரம்பித்துவிடும், பிறகு மாசி வரைக்கும் ஓட்ட முடியாது. அதற்குள் ஒரு தடவை எழும்பிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அவசரப்படுத்தவில்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை என்றுதான் சொன்னார்.

கரண்டு இருந்தது. பவுடர் மிஷின் நன்றாக இருந்தது. எனக்கும் வேறு அவசர வேலை இல்லை.

கூட வந்தவர்களில் ஒருவர், "பாம்புக்காதுங்கறது நீங்கதானுங்களா? ஒருக்கா தட்டிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார். நான் கிராங்கைத் தொங்கவிட்டேன். சும்மா தட்டினால் என்ன மரியாதை? எல்லோரையும் மூச்சு விடக் கூடாது என்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். தட்டினேன். கையில் அதிர்வு தெரிந்தது. காதுக்கு ஏதோ வந்த மாதிரி இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. கண்ணைத் திறந்தபோது மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோயில் மணியாட்ட இருக்குதுங்க" என்றேன்.

துரைசாமி முகம் மலர்ந்துவிட்டது. "அப்பறம் பவுடரெல்லாம் எதுக்குங்க? உங்க காதுக்கு மேல பவுடரா?" என்றார்.

அந்த இடத்தில் நான், இல்லைங்க, அதுதான் கட்டளை, நாளைக்கு வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று பேர் முன்னால் மணி என்று சொல்லிவிட்டு, அப்புறம் போய்ப் பவுடர் போட்டால் என் காதை நானே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றியது. பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். பவுடர் போடாமல் பச்சைப் பொட்டை வைத்தேன்.

பதினோராம் நாள் காலையில் செய்தி வந்தது. தென்னை மட்டத்துக்கு மேலே போகும்போது கிராங்க் கடைசி மூலையில் துண்டாகி, விசிறி தனியாகக் கழன்று, பக்கத்துக் கடலைக் காட்டில் போய் விழுந்திருக்கிறது. துரைசாமி வாய்க்கால் மேட்டில் இறங்கினார். இறங்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இடுப்பு எலும்பும் வலது காலும் உடைந்து, நான்கு மாதம் படுக்கை.

உடைந்த கிராங்கை அவர் மச்சான் பட்டறைக்குக் கொண்டு வந்தார். சார் அதை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார். உடைந்த முகத்தில் முக்கால் பங்கு சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. அது அன்றைக்குப் புதிதாக உடைந்தது. மூலையை ஒட்டி நகக்கண் அளவுக்கு ஒரு பிறை மட்டும் கறுத்துப்போய், மரம் அறுத்தால் தெரிகிற வளையம் போல வரி வரியாக இருந்தது. எண்ணெய் ஊறிய பழைய விரிசல். வரப்பில் அடித்த அன்றைக்கே பிறந்தது. அதற்குப் பிறகு தரிசில் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரியாக வளர்ந்திருக்கிறது.

சார் பச்சைப் பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பவுடர் போட்டியோ?"

"போட்டேன் சார்."

"நீல லைட்ல பாத்தியோ?"

"பாத்தேன் சார். சுத்தமா இருந்துச்சு. அதுக்கப்பறம் மறுக்கா எங்கியாச்சும் தட்டியிருப்பாருங்க."

முப்பத்தாறு வருஷத்தில் நான் ஜோக் அடிக்காமல் பேசிய ஒரே பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அதுவும் பொய்.

சார் கிராங்கைத் துணியோடு மூடிவைத்தார். மறுநாள் காலை நான் வந்தபோது உத்தரத்தில் கொக்கியைக் காணோம். அவரே ஏணி போட்டுக் கழற்றியிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிராங்குக்கும் அவரே பவுடர் போட்டார், அவரே பொட்டு வைத்தார். என்னைக் கல்லில் மட்டும் நிற்க விட்டார். அவர் ஓய்வு பெற்றுப் போகிற நாள் வரைக்கும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவர் இல்லை. அவரிடம் சொல்வதற்கு வழி போய்விட்டது.

மோசமானது இனிமேல்தான். ஆறு மாதம் கழித்துத் துரைசாமி தடி ஊன்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு தார் செவ்வாழை. எனக்காக.

"உங்க பேரக் கெடுத்துப் போட்டனுங்க" என்றார். "நீங்க சுத்தமாப் பாத்துத்தான் குடுத்தீங்க. நாந்தான் எங்கியோ தெரியாம வெசையா எறக்கீட்டம் போல. மனசுல வெச்சுக்காதீங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட, உடுங்க. கால் உடைஞ்சாலும் பழம் நல்லாப் பழுத்திருக்குது" என்றேன். அவர் சிரித்தார். பழத்தை வீட்டுக்குக் கொண்டு போனேன். தின்றோம்.

எட்டு வருஷம் அப்படியே போயிற்று. வண்டன்மேட்டுக்காரர் போன் வராமல் இருந்திருந்தால் இன்னும் போயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன் என்று அவர் சொன்னது மட்டும் மிஷினைக் கழற்றி வைத்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து கோபாலபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

துரைசாமி வாசலில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்த ஆட்களை அனுப்பிவிட்டு நாற்காலி போட்டார். அவர் மனைவி சரோஜா காப்பி கொண்டு வந்தார். காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னால் அது இன்னொரு வாழைப்பழம் ஆகிவிடும் என்று, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். காது கேட்காததிலிருந்து ஆரம்பித்து, பொட்டு, சாரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் ஜோக் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு வருசமா எங் கை சரியில்லைன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார். "அதுக்கப்பறம் காரு கூட ஓட்டறதில்லீங்க. மருமகந்தான் ஓட்டறான்."

சரோஜா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார். "பிளேனப் பிரிச்சு வித்துப் போடச் சொன்னது நாந்தானுங்க. உங்களுக்குக் கை நெதானமில்லைன்னு அவுருகிட்ட எத்தன தடவ சொல்லீருப்பன். அவுரும் ஆமா ஆமான்னு கேட்டுட்டாரு." உள்ளே போய்விட்டார். திரும்ப வரவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று துரைசாமி சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கடைசியில் அவர் கேட்டது வேறு.

"அந்த வண்டன்மேட்டுக்காரருகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"மொதல்ல அவுருக்குப் போனப் போடுங்க. இங்கிருந்தே போடுங்க."

அவர் முன்னாலேயே போட்டேன். எனக்குக் காது கேட்காது, கிராங்கை அனுப்பாதீர்கள், பவுடர் போடுகிற இடத்தில் கொடுங்கள், விசிறி எதில் பட்டாலும் மறுபடி கொடுங்கள், துரைசாமியின் கிராங்க் உடைந்தது என்னால்தான் என்றேன். நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்து அந்தப் பக்கம் அவர் சிரித்தார். துரைசாமி போனை என் கையிலிருந்து வாங்கி, "அவுரு சொல்றது நெசமுங்க" என்றார். அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் வரவில்லை.

கிளம்பும்போது சங்க மலர் விஷயத்தைச் சொன்னேன். "எழுதுங்க" என்றார். "எந் தப்புன்னு நான் ஊரெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறன். நான் ஒவ்வொருத்தரு ஊட்டுக்கும் போயி மாத்திச் சொல்ல முடியுமுங்களா?"

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். சிரிக்க வைத்திருந்த இடங்களில் சிரிக்கவில்லை. பெயிண்ட் டப்பா வருகிற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அங்கே நான், 'பவுடர் போடாமல் பச்சைப் பொட்டு வைக்கும்படி ஆகிவிட்டது' என்று எழுதியிருந்தேன்.

"ஆயிருச்சுன்னு எழுதீருக்கறீங்க" என்றார். "மழையா பேஞ்சுது, தானா ஆறதுக்கு?"

பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்த வரியை அடித்துவிட்டு, வைத்தேன் என்று எழுதினேன்.